மணிக்கணக்கை எழுதிவிட்டு ஹெட்ஃபோன் வாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய மூன்று ஹெட்ஃபோன் லிங்க்கையும் பார்த்தேன். "எதும்மா வாங்கட்டும், சீக்கிரம் சொல்லு, ஞாயிற்றுக்கிழமையோட ஆஃபர் முடியுது" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி. ஆஃபர் போனால் போகட்டும், தீபாவளிக்கு இன்னொன்று வரும்.

உன் அம்மா முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு சம்பாதித்தவள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்த வேலையில் நான் என்ன கற்றுக்கொண்டேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. 1982-ல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர்க் கால்களைக் கையால் இணைக்கும் டிரங்க் போர்டில் உட்காரும்போது எனக்கு 23 வயது. முன்னால் பலகை முழுக்கத் துளைகள், கையில் லைன் சேர்க்கும் வயர், காதில் ஒரு பக்கம் மட்டும் கேட்கும் ஹெட்செட். லைட்னிங் கால், அதாவது மிக அவசரக் கால் என்றால் எட்டு மடங்கு கட்டணம், அதைக் கேட்பவர் வீட்டில் பெரும்பாலும் ஒரு சாவோ ஆஸ்பத்திரியோ இருக்கும். லைன் இரைச்சலாக இருக்கும், அந்தப் பக்கம் பேசுகிறவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும், நாங்கள் ஹெட்செட்டைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு கேட்போம். அப்புறம் வெளியூருக்கு நேரே டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்து போர்டு போனது, நம்பர் விசாரிக்கும் 197-லும் புகார் சொல்லும் 198-லும் உட்கார்ந்தேன். ஹெட்செட் மட்டும் போகவில்லை.

இரண்டு வருடம் முன்பு காதைப் பரிசோதித்தபோது, வலது காதில் 4,000 ஹெர்ட்ஸ், அதாவது கீச்சென்ற உயர்ந்த ஓசை, அதன் பக்கத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருப்பதைப் பரிசோதித்த பெண் வரைபடத்தில் காட்டினாள். நான் வழக்கமாக ஹெட்செட் மாட்டிய பக்கம் அதுதான். அதனால்தான் வந்தது என்று டாக்டர் அறுதியிட்டுச் சொல்லவில்லை, வயதும் சேர்ந்திருக்கும். ஆனால் உரத்த சத்தத்தால் காது கெடும்போது பள்ளம் முதலில் விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் என்றார். பின்கட்டில் சில்வண்டு கத்துவது உன் அப்பாவுக்குக் கேட்கிறது, எனக்கு இடது பக்கம் திரும்பினால்தான் கேட்கிறது. உள்காதில் இருக்கும் அந்த மயிரிழை செல்கள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000தான், போனால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் உன் மூன்று லிங்க்கையும் பார்த்தேன்.

முதலில் ஒன்று செய். ஒரு தாளில் நீ வாரத்தில் எதை எத்தனை மணி நேரம் கேட்கிறாய் என்று எழுது. நீ சொன்னதை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். ஆபீஸ் கால் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், ஐந்து நாளைக்கு 20. பெங்களூரில் கெங்கேரியிலிருந்து ஒயிட்ஃபீல்டு போய்வரும்போது மெட்ரோவிலும் நடையிலும் கேட்பது ஒரு நாளைக்கு இரண்டு, அது 10. ராத்திரி பாட்டு தினம் ஒரு மணி நேரம், 7. சனி ஞாயிறில் கீபோர்டு, 3. கூட்டினால் 40 வருகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு என்ன தெரியுமா? 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை. அதாவது நீ 80-ல் வைத்துக் கேட்டாலே உன் பங்கு முழுசாக நிரம்பிவிட்டது. 85-க்கு ஏற்றினால் பன்னிரண்டரை மணி நேரம்தான், 90-க்கு ஏற்றினால் நாலே மணி நேரம். டெசிபலில் மூன்று கூடினால் காதில் விழும் சக்தி இரண்டு மடங்கு, அதனால்தான் நேரம் இப்படிச் சரிகிறது. மீட்டிங்கில் யாரோ பேசுவதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான், பாட்டு மட்டும்தான் காதைக் கெடுக்கும் என்று நினைக்காதே.

ஆகவே எது நல்ல ஹெட்ஃபோன் என்று என்னைக் கேட்டால், சத்தத்தைக் கூட்டாமலே உனக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேட்கவிடுவதுதான். விலை, பிராண்டு எல்லாம் அப்புறம்.

இப்போது உன் லிங்க்குகளுக்கு வருகிறேன். நீ ஸ்டூடியோ ஹெட்ஃபோன் என்று ஆசையாக அனுப்பிய சென்ஹைசர் எச்.டி. 600 அருமையான பொருள்தான். 1997-ல் வந்த மாடல், இன்னும் ஜனங்கள் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அது வெளிப்புறம் திறந்த அமைப்பு. உள்ளே ஓடுவது வெளியே கேட்கும், வெளிச்சத்தம் உள்ளே வரும். ராத்திரி பதினோரு மணிக்கு நீ பாட்டு கேட்டால் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் உன் ரூம்மேட்டும் கேட்பான். மெட்ரோவில் அதை மாட்டுவதும் ஒன்றுதான், மாட்டாததும் ஒன்றுதான். அதன் மின்தடை 300 ஓம், அதை ஓட்டப் போனின் சக்தி போதாது, நேரடியாகச் செருகினால் பாட்டு சோர்ந்துபோய்க் கேட்கும், நிறைய பேர் அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறார்கள். போனோடு பழகக்கூடியவை பெரும்பாலும் 16, 32 ஓம். சொந்த வீடு, தனி அறை, அமைதியான சாயங்காலம் என்று உனக்கு ஒரு நாள் வாய்க்கும்போது அதை வாங்கலாம்.

இரண்டாவது லிங்க், காதுக்குள் செருகும் வயரில்லாத சின்னது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் இருக்கும் பேட்டரி கடுகளவு. தினமும் நாலைந்து மணி நேரம் போட்டால் இரண்டு மூன்று வருடத்தில் அது சார்ஜ் நிற்காமல் போகும், பேட்டரியை மட்டும் மாற்ற அனேகமாக வழியில்லை. மாதத் தவணை முடிந்த கொஞ்ச நாளில் பொருளும் முடிந்தால் உனக்கு எப்படி இருக்கும்?

மூன்றாவது, வெளிச்சத்தத்தை அடக்கும் அந்த விலை உயர்ந்தது. இதில் உன் எண்ணம் பாதி சரி. மெட்ரோவில் உனக்கு அந்த வசதி தேவைதான். வெளியில் வரும் ஓசையை மைக் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே உண்டாக்கி இரண்டையும் அடித்துக்கொள்ளச் செய்வதுதான் அதன் வேலை. ரயிலின் உறுமல், ஏ.சி. இரைச்சல், விமானத்தின் இரைச்சல் மாதிரி தாழ்வாக, ஒரே சீராக வருவதை நன்றாக அடக்கும். பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசுவதை அந்த அளவுக்கு அடக்காது. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இல்லை. இந்த வசதி காதுக்கு எவ்வளவு நல்லது என்று யோசித்துப் பார். இரைச்சலில் இருக்கும்போது நாமே அறியாமல் வால்யூமை ஏற்றுகிறோம், நான் டிரங்க் போர்டில் செய்தது அதேதான். இரைச்சல் குறைந்தால் கை வால்யூமுக்குப் போகாது.

ஆனால் அதற்கு முப்பதாயிரம் தேவையில்லை தம்பி. எட்டாயிரம் பத்தாயிரத்திலேயே இந்த வசதி உள்ள, காதை முழுக்க மூடும் நல்ல ஹெட்ஃபோன் கிடைக்கிறது. சோனியின் சி.எச். 720என் அந்த வகை, எடை 192 கிராம்தான். விலை உயர்ந்தது இரைச்சலை இன்னும் கூட அடக்கும், மெத்தை இன்னும் சொகுசாக இருக்கும், உண்மைதான். உன் பத்து மணி நேர மெட்ரோவுக்கு அந்த வித்தியாசம் கூடுதலாக இருபதாயிரம் பெறுமா என்று நீயே சொல்.

உன் வாரத்தில் பாதி எங்கே போகிறது பார். 20 மணி நேரம் கால். நீ அனுப்பிய மூன்றில் ஒன்றுகூட அதற்காகச் செய்தது இல்லை. "மீட்டிங் ஆரம்பிச்சா சவுண்டு தகர டப்பாவில் கேக்கிற மாதிரி ஆயிடுதும்மா" என்று போன மாதம் புலம்பினாயே, அதற்குக் காரணம் ஹெட்ஃபோனின் தரம் இல்லை. புளூடூத்தில் பாட்டு மட்டும் வரும்போது ஒரு முறை, மைக்கும் சேர்ந்து வேலை செய்யும்போது வேறு முறை. மைக்கைத் திறந்ததும் இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொண்டு தரம் இறங்கிவிடும். புது வகைக் கருவிகளில் இதைச் சரிசெய்து வருகிறார்கள், ஆனால் ஹெட்ஃபோன், லேப்டாப் இரண்டிலுமே அது இருக்க வேண்டும். அதைவிட எளிய வழி, லேப்டாப்பில் யு.எஸ்.பி. வயரில் செருகும், வாய்க்கு முன்னால் மைக் நீளும் சாதாரண ஹெட்செட். இரண்டாயிரம் மூவாயிரத்தில் கிடைக்கிறது. பார்க்கக் கால் சென்டர் மாதிரி இருக்கும் என்று நீ முகம் சுளிப்பாய். ஆனால் எங்கள் ஹெட்செட்டில் மைக்கை எதற்கு வாய்க்கு நேராக வைத்தார்கள்? வாய்க்கும் மைக்குக்கும் தூரம் குறையக் குறைய உன் குரல் தெளிவாகும், சுற்றி இருக்கும் சத்தம் பின்னுக்குப் போகும். காதோரத்தில் ஒளிந்திருக்கும் மைக்கில் நீ பேசுவதால்தான் எதிரில் இருப்பவர் மூன்று தடவை "என்ன, என்ன" என்கிறார். நீ கத்துகிறாய், தலை வலிக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் பழைய டெலிபோன் லைனில் போனது 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்குள்ளேயே மனிதர் அழுவதும் சிரிப்பதும் எங்களுக்குத் தெரிந்தது. அதனால் பெட்டியில் 40,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று அச்சடித்திருந்தால் அதற்காகப் பணம் கூட்டிக் கொடுக்காதே. நல்ல இளங்காதுக்கே 20,000தான் எல்லை. 40 மில்லிமீட்டர், 50 மில்லிமீட்டர் என்று டிரைவரின், அதாவது உள்ளே ஓசை எழுப்பும் பாகத்தின் அளவைப் போடுவதும் அப்படித்தான், பெரியதாக இருப்பதாலேயே நல்லதாகிவிடாது.

ராத்திரிப் பாட்டுக்கும் கீபோர்டுக்கும் வயர் உள்ளதே போதும். கீபோர்டுக்குப் புளூடூத் வேண்டவே வேண்டாம், கட்டையை அழுத்தி நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ கழித்துத்தான் ஸ்வரம் காதுக்கு வரும், தாளம் கையை விட்டுப் போய்விடும். ஆயிரத்தைந்நூறு இரண்டாயிரத்தில் காதுக்குள் போகும் வயர் இயர்ஃபோன் இப்போது பிரமாதமாக வருகிறது, அந்த விலைக்கு வயரில்லாததில் அவ்வளவு நல்ல ஓசை கிடைப்பது கஷ்டம். உன் போனில் வட்டத் துளை இல்லை என்பதால் சி-டைப் மாற்றி ஒன்று சேர்த்து வாங்கு. கீபோர்டின் பின்னால் பெரிய துளை இருக்கிறதே, 6.35 மில்லிமீட்டர், அதற்கும் ஒரு மாற்றுப் பின் வேண்டும். அந்தப் பெரிய பின் எங்கள் டெலிபோன் போர்டில் பிறந்தது தெரியுமா? கால் அங்குலப் பின், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆபரேட்டர்கள் லைன் சேர்க்கச் செருகியது. அதுதான் சிறுத்து 3.5 மில்லிமீட்டர் ஆகி உன் பழைய போன் வரை வந்தது. நீ கீபோர்டில் அதைச் செருகும் ஒவ்வொரு தடவையும் எனக்கு என் போர்டு ஞாபகம் வரும்.

காதுக்குள் போகிறதில் ரப்பர் முனைதான் பாதி விஷயம். பெட்டியில் மூன்று அளவு தருவார்கள், எல்லாரும் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடு அளவையே போட்டுவிட்டு "தவில் தொப்பிச் சத்தமே இல்லை" என்பார்கள். காது சரியாக அடைபடவில்லை என்றால் தாழ்ந்த ஓசை ஒழுகிப் போய்விடும். உனக்கு இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்பட்டாலும் ஆச்சரியமில்லை.

மெட்ரோவுக்கான ஹெட்ஃபோனை மட்டும் கடையில் போய் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கு. கண்ணாடியோடு மாட்டு, கழற்றிவிட்டு இல்லை. கண்ணாடிக் கம்பி மெத்தையைத் தூக்கிவிட்டால் இரைச்சல் உள்ளே வரும், அழுத்தினால் அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கும். குறைந்தது பத்து நிமிடம் தலையிலேயே இருக்கட்டும், கடைக்காரர் என்ன நினைத்தாலும் சரி. உன் போனையே இணைத்து, உனக்கு நன்றாகப் பழகின பாட்டைப் போடு. அவர்கள் போட்டுக் காட்டுவதில் எல்லாமே தூக்கலாகத்தான் கேட்கும். மெத்தை தனியாக வாங்கி மாற்றக் கிடைக்கிறதா என்று கேள், நம் ஊர் வேர்வைக்கு அந்தப் போலித்தோல் சீக்கிரம் உரிந்துவிடுகிறது. நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைப்பது பக்கம் போகாதே, பில் இல்லாமல் வாரண்டி கிடையாது.

அப்புறம், சாலையைக் கடக்கும்போது இரைச்சல் அடக்கியை அணைத்துவிடு. ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டாலும் சரி, முழுக்கக் கழற்றினால் இன்னும் சரி. இதை ஒவ்வொரு தடவையும் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. வால்யூம் பாதியைக் கொஞ்சம் தாண்டலாம், 60 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.

கணக்கு பார்த்தால் ஹெட்செட் மூவாயிரம், வயர் இயர்ஃபோன் இரண்டாயிரம், மெட்ரோவுக்குப் பத்தாயிரம். எல்லாம் சேர்ந்து பதினைந்து. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவும் வேண்டாம். இந்த மாதம் ஹெட்செட்டை வாங்கு, 20 மணி நேரம் அதில்தான் போகிறது. மற்றதைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள், தவணை எதற்கும் வேண்டாம். அந்த மூவாயிரத்தை நான் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

வந்ததும் முதல் கால் எனக்குப் போடு. மைக்கை வாயோரம் ஒரு விரல் தள்ளி வைத்து, கத்தாமல், நீ எப்போதும் பேசுகிற மாதிரி பேசு. உன் குரல் அந்தப் பக்கம் எப்படிப் போகிறது என்று நான் இடது காதில் வைத்துக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா