வரி குறைந்த பிறகு யார் கையில் என்ன நிற்கிறது

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வளரும் நாடுகளின் வர்த்தக தாராளமயமாக்கல், அதாவது இறக்குமதி, ஏற்றுமதி வரிகளையும் தடைகளையும் குறைப்பது பற்றிக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள், நல்லது என்று தொடங்குவதா கெட்டது என்று தொடங்குவதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம். வரி குறைந்ததால் வந்த விலை வித்தியாசம் யார் கையில் போய் நிற்கிறது, வேலை போனவர்கள் எங்கே போனார்கள் என்ற இரண்டையும் விடாமல் தேடிப் பார். ஒரே சீர்திருத்தம் ஒரு நாட்டைத் தூக்கிவிட்டதும் இன்னொன்றைக் கவிழ்த்ததும் ஏன் என்பது அதில்தான் புரியும்.

முதல் வேலையாகச் சுங்கவரிப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பொருளாகப் படி. பல பொருட்களுக்கு இரண்டு விகிதங்கள் உண்டு. ஒன்று, இதற்கு மேல் போகமாட்டோம் என்று உலக வர்த்தக அமைப்பிடம் நாடு ஒப்புக்கொண்ட உச்சவரம்பு. மற்றது, இன்று துறைமுகத்தில் உண்மையில் வசூலிப்பது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால்தான் ஆபத்துக் காலத்தில் வரியை ஏற்ற இடம் இருக்கும். இந்தியாவுக்குப் பாமாயிலில் 300 சதவீதம் வரை உச்சவரம்பு, சோயா எண்ணெயில் 45 மட்டுமே. ஒன்றின் விலை ஏறினால் மக்கள் மற்றதற்கு மாறிவிடுவார்கள். அதனால் பாமாயில் வரியை எவ்வளவு ஏற்றினாலும் சோயாவின் 45தான் நடைமுறையில் கையைக் கட்டுகிறது.

அடுத்து ஒரு கணக்கு. இதைப் போடாமல் எந்தத் தொழிலுக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று எழுதிவிடாதே. உலகச் சந்தையில் 100க்குப் போகும் ஒரு சட்டை. துணி, நூல், பொத்தானுக்கு 60. தைக்கும் ஆலை சேர்க்கும் மதிப்பு 40. சட்டைக்கு 20 சதவீத இறக்குமதி வரி, துணிக்கு வரியே இல்லை என்றால், உள்நாட்டில் சட்டை 120க்கு விற்கும், ஆலைக்கு 60 நிற்கும். 40 இருந்த இடத்தில் 60, அதாவது உண்மையான பாதுகாப்பு 50 சதவீதம். துணிக்கு 40 சதவீதம் போட்டுவிட்டால் அதன் விலை 84 ஆகும், ஆலைக்கு 36தான் மிச்சம். சட்டைக்கு வரிப் பாதுகாப்பு இருக்கிறது என்று பட்டியல் சொல்லும். ஆலைக்கோ நட்டம்.

ஏற்றுமதி செய்கிறவர் பாடு இதைவிடக் கடினம். வெளியே 100க்கு மேல் யாரும் தரமாட்டார்கள். துணிக்கு வெறும் 10 சதவீத வரி போட்டாலே 60 என்பது 66 ஆகி, அவருடைய 40, 34 ஆகச் சுருங்கிவிடும். இறக்குமதி வரி கடைசியில் ஏற்றுமதியின் மேல் விழுகிறது என்று பாடத்தில் படித்திருப்பாயே, அது இதுதான்.

வங்கதேசம் இந்த முடிச்சை அவிழ்த்த விதத்தைப் பார். மற்ற வரிகளை உயரமாகவே வைத்துக்கொண்டு, ஆயத்த ஆடை ஆலைகளுக்கு மட்டும் பாண்டட் கிடங்கு கொடுத்தார்கள். வரி கட்டாமல் துணியை உள்ளே கொண்டுவந்து, தைத்து, அப்படியே வெளியே அனுப்பிவிடலாம். வாங்குபவர் தரும் எல்.சி.யையே, அதாவது பணம் வரும் என்று அவருடைய வங்கி எழுதித் தரும் உறுதிக் கடிதத்தையே, ஈடாக வைத்து, துணி விற்பவருக்கு இன்னொரு எல்.சி. திறந்தது வங்கி. கையில் முதல் இல்லாதவரும் ஆலை நடத்த முடிந்தது. தொழில் தெரிய வேண்டுமே, அதற்கு வங்கதேசத்தின் தேஷ் நிறுவனம் கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு கைகோத்து, 1979இல் சுமார் 130 பேரைப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பலர் பின்னால் தனியாக ஆலை தொடங்கினார்கள். பணக்கார நாடுகள் மற்ற நாடுகளின் ஆடைக்கு வைத்திருந்த கோட்டா என்ற அளவு வரம்பும் வங்கதேசத்தின் பக்கம் வாங்குபவர்களைத் தள்ளியது. 2005 தொடக்கத்தில் கோட்டா போன பிறகும் தொழில் நிலைத்தது. ஆனால் 2013 ஏப்ரலில் ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்ததையும் அதே பத்தியில் எழுது. ஏற்றுமதி வளர்ந்த வேகத்துக்குக் கட்டட ஆய்வும் தொழிலாளர் சட்டமும் வளரவில்லை.

மொசாம்பிக் முந்திரியைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்பது என் விருப்பம். கச்சா முந்திரிக் கொட்டை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த நாடு அது. 1990களின் நடுவில் உலக வங்கியின் வற்புறுத்தலில் ஏற்றுமதி வரியைக் குறைத்தது. வாதம் ஏட்டளவில் சரிதான்: வரி குறைந்தால் கொட்டையை நல்ல விலைக்கு வெளியே விற்கலாம், விவசாயிக்குக் கூடுதலாகக் கிடைக்கும். நடந்தது வேறு. கச்சா கொட்டையை வாங்க ஏறத்தாழ இந்தியா ஒன்றுதான் இருந்தது. விவசாயிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே வியாபாரிகள் அடுக்கடுக்காக நின்றார்கள், ஏறிய விலையில் பெரும்பகுதி அவர்களிடமே தங்கிவிட்டது. சற்று முன்புதான் தனியாருக்கு விற்கப்பட்டிருந்த பதப்படுத்தும் ஆலைகள் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பின்னர் கணக்குப் பார்த்த பொருளாதார அறிஞர்கள், சராசரி முந்திரி விவசாயக் குடும்பத்துக்குக் கிடைத்த ஆதாயம் ஆண்டுக்கு சுமார் 5.30 டாலர் என்றார்கள்.

புதிய மரம் நட்டாவது ஆதாயத்தைப் பெருக்கியிருக்கலாமே என்பார்கள். முந்திரி நட்ட ஆண்டே காய்க்காது. இந்தக் கொள்கை நாலு வருடம் நிற்கும் என்ற நம்பிக்கை வந்தால்தான் விவசாயி குழி தோண்டுவான். ஆலை முதலாளி இயந்திரம் வாங்குவதும் அப்படித்தான். நாளைக்கே திரும்பப் பெறப்படலாம் என்று எல்லோரும் நினைக்கும் சீர்திருத்தம் இழப்பை உடனே கொண்டுவரும், ஆதாயத்தைக் கொண்டுவரவே வராது. கொள்முதல் சங்கிலியில் எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்று எண்ணாமல் விவசாயிக்கு நல்லது என்ற வாக்கியத்தை எழுதாதே.

ஹெய்ட்டியில் பயிர் அரிசி. 1995இல் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்கு இறக்கினார்கள். அமெரிக்க அரிசி வந்து குவிந்தது, அதற்கு அமெரிக்க அரசின் மானியமும் உண்டு. நகரத்து ஏழைக்குச் சில ஆண்டுகள் மலிவாகக் கிடைத்தது உண்மை, அதை மறைக்காமல் எழுது. நெல் விவசாயம் நலிந்தது. 2008இல் உலகச் சந்தையில் அரிசி விலை எகிறியபோது சாப்பாட்டுக்காகக் கலவரம் வெடித்து, பிரதமர் பதவி இழந்தார். தன் ஆட்சியில் அந்தக் கொள்கையை ஆதரித்த பில் கிளிண்டன், 2010இல் அமெரிக்க செனட் குழுவின் முன் அது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

சிலியை நாணயத்துக்காகப் படி. 1979இல் வரியை ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் 10 சதவீதமாக்கிய அதே ஆண்டில், ஒரு டாலருக்கு 39 பெசோ என்று மாற்று விகிதத்தையும் கட்டிப்போட்டார்கள். உள்நாட்டில் விலைவாசி ஏறிக்கொண்டே இருந்தது, பெசோ மட்டும் அசையவில்லை. வெளிநாட்டுச் சரக்கு மலிவாகத் தெரிந்தது, வெளிக்கடன் அதற்குப் பணம் கட்டியது, உள்ளூர் ஆலைகள் உள்நாட்டு விற்பனையிலும் ஏற்றுமதியிலும் அடி வாங்கின. 1982இல் பெசோ உடைந்தது, பொருளாதாரம் சுமார் 14 சதவீதம் சுருங்கியது. 1984இல் வரியை 35 சதவீதத்துக்கு ஏற்றி, நாணய மதிப்பைக் குறைய விட்டு, பிறகு படிப்படியாக இறக்கி 1991இல் 11க்கு வந்தார்கள். இரண்டாவது முறை ஏற்றுமதி தாக்குப்பிடித்தது. குறைந்த வரியும் உயர்ந்த நாணயமும் ஒன்றாக இருந்தால் எந்த நாட்டுக்கும் இதே கதிதான்.

வேலை போனவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விடுவார்கள் என்ற வாக்கியத்தை எல்லாக் குறிப்பிலும் காண்பாய், எனக்கு அதைப் படித்தாலே கோபம் வரும். இந்தியாவில் 1991க்குப் பிறகு வரிக்குறைப்பு அதிகம் தாக்கிய கிராமப்புற மாவட்டங்களில் வறுமை மற்ற இடங்களைவிட மெதுவாகவே குறைந்தது. மக்கள் மாவட்டம் விட்டு மாவட்டம் போகவில்லை என்று ஆய்வு காட்டுகிறது. பிரேசிலில் அடி வாங்கிய பகுதிகளின் கூலி இடைவெளி இருபது ஆண்டுக்குப் பிறகும் மூடாமல் இன்னும் அகன்றிருந்தது. ஆகவே இழப்பை ஊர் ஊராக, ஆண்டு ஆண்டாகக் கணக்கிடு.

அரசு வருவாயையும் பார். ஏழை நாட்டு அரசுக்குத் துறைமுகத்தில் வரி வாங்குவதே எளிது. அதற்குப் பதிலாக விற்பனையில் வாங்கும் மதிப்புக் கூட்டு வரி வேண்டுமென்றால் கடைக்காரர் கணக்கு எழுத வேண்டும், அதிகாரி அதைச் சரிபார்க்க வேண்டும். அதை நிறுவி ஓடவிட்ட பிறகே சுங்கத்தைக் குறைக்கச் சொல். இல்லையேல் பள்ளியும் மருத்துவமனையும்தான் அந்தப் பள்ளத்தை நிரப்பும்.

இறக்குமதி திடீரெனப் பெருகினால் தற்காப்பு வரி போட உலக வர்த்தக அமைப்பின் விதிகளில் இடம் உண்டு: தற்காலிகமாக 200 நாள், விசாரணைக்குப் பின் 4 ஆண்டு, வளரும் நாடு நீட்டித்து மொத்தம் 10 ஆண்டு வரை போகலாம். விசாரிக்க ஓர் அமைப்பும், இறக்குமதி அளவு, உள்நாட்டு உற்பத்தி, ஆலையின் பயன்பாட்டு அளவு, வேலையாட்கள் பற்றிய தரவும் வேண்டும். பல சிறிய நாடுகளில் இவை இல்லாததால் இந்த உரிமை ஏட்டிலேயே கிடக்கிறது. வரிக்குறைப்பு தொடங்குமுன் இவற்றை அமைக்கச் சொல்லிப் பரிந்துரை எழுது.

சுங்கவரிப் பட்டியலை 8 இலக்கப் பொருள் எண் அளவில் பிரித்துவைத்து வரைவை அனுப்பு. வருவாய்க் கணக்கை நான் ஒரு முறை சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா