புல்வெளியில் குழி தோண்டுவதை நிறுத்துங்கள்

நீலகிரியில் மரம் நடும் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் ஊருக்கு மேலே உள்ள புல்மேட்டில் நடந்த மரம் நடு விழா உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பந்தல், மைக், பொன்னாடை எல்லாம் உங்களுக்கு வந்த போட்டோவில் இருக்கும். குழிகள் இருக்காது. அதனால் அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

முழங்கால் ஆழக் குழிகள். ஓரங்களில் அறுபட்ட புல்வேர் சடைசடையாகத் தொங்குகிறது. தோண்டிய அன்று மண் கன்னங்கரேலென்று இருந்தது, பிடித்தால் கையில் ஒட்டியது. இப்போது வெளுத்துப் பொடியாகிக் காற்றில் பறக்கிறது. ஐயா, அந்தக் கருப்புதான் கார்பன். குளிரிலும் ஈரத்திலும் முழுதாக மக்காமல் மண்ணுக்குள் தங்கிவிட்ட புல். கிளறி விட்டால் மிச்சமும் மக்கிக் கரியமில வாயுவாகப் போய்விடும். விழா பேனரில் 'கார்பனைச் சேமிப்போம்' என்று போட்டிருந்தீர்கள்.

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கை, நாட்டுக் காடுகளில் 7,204 மில்லியன் டன் கார்பன் இருப்பதாகவும் அதில் பாதிக்கு மேல் மண்ணில் இருப்பதாகவும் சொல்கிறது. அதே அறிக்கையின் கணக்குப்படி, ஒரு ஹெக்டேரில் பத்து சதவீத இடத்தை மரங்களின் கிளையும் இலையும் மூடியிருந்தால் அது காடு. கற்பூர மரத் தோப்பும், அதாவது யூகலிப்டஸ் தோப்பும், காடுதான். புல்வெளிக்கு அதில் இடமில்லை. மரம் வளர்ந்தால் கார்பன் சேரும், மறுக்கவில்லை. ஆனால் விறகுக்கும் காகிதக் கூழுக்கும் வெட்டியதும் அது திரும்பப் போய்விடும்.

'இங்கே முன்பு காடு இருந்திருக்கும்' என்று மேடையில் ஒருவர் பேசினார். நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலையில் புல் பரந்திருந்தது. சீகை என்கிற வாட்டில் மரமும் கற்பூர மரமும் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தவை. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போனதற்குத் தோப்புகளும் விவசாயமும்தான் காரணம். 2022-இல் புல்வெளியில் மேயும் வரையாட்டைக் காக்கத் திட்டம் அறிவித்து, புல்வெளியை மீட்போம் என்று சொன்னதும் அரசுதான். ஒரு பக்கம் சீகையைப் பிடுங்குகிறீர்கள், இன்னொரு பக்கம் புல்லில் குழி தோண்டுகிறீர்கள். இரண்டுக்கும் பில் போடலாம், சரி.

வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ் கட்ட நாங்கள் அனுமதி கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறோம். சரிவைக் குடைந்து ரிசார்ட் கட்டுகிறவருக்கு மட்டும் எப்படியோ பொக்லைன் மேலே ஏறி வருகிறது. அங்கே போகும் மண்ணை எந்தக் கணக்கில் எழுதுவீர்களோ!

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது இவ்வளவுதான். புல்வெளியில் குழி தோண்டாதீர்கள். நட ஆசையிருந்தால் சோலையின், அதாவது மலை மடிப்புகளில் இருக்கும் இயற்கைக் காட்டின், சிதைந்த ஓரங்களில் நாவல், விக்கி போன்ற சோலை மரங்களை நடுங்கள். கார்பன் கணக்கில் புல்வெளிக்குத் தனியாக ஓர் இடம் கொடுங்கள், மண்ணையும் அளந்து எழுதுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் எங்கள் மேட்டுக் குழிகளை அதே மண்ணால் மூட உத்தரவிடுங்கள். ஆள் இல்லையென்றால் மண்வெட்டியோடு நாங்களே வருகிறோம். அதற்கும் அனுமதி வேண்டுமென்றால், தயவுசெய்து மழைக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மேட்டுக்குக் கீழே உருளைக்கிழங்கு போடும் ஒருவன்