பாப்பாவுக்கு, ஒற்றைக் கையால்

அன்புள்ள பாப்பா,

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். முப்பது வருஷம் அடுத்தவர் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்கிய மனுஷன் இப்படி எழுதுகிறாரே என்று சிரிக்காதே. ஒற்றைக் கையால், அதுவும் இடது கை ஆள்காட்டி விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை, பதறாதே.

இன்னும் நைட் ஷிப்ட்தானா? ஷிப்ட் முடிந்து இறங்கும்போது மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. போனைப் பார்த்துக்கொண்டே இறங்குகிற பழக்கம் உனக்கு உண்டு. அக்கா வீட்டு விஷயம் நிறைய இருக்கிறது, பெரியவனுக்கு ரிசல்ட் வந்துவிட்டது, அதையெல்லாம் கடைசியில் எழுதுகிறேன்.

அந்தத் தலைவர் மேடைப் படியில் விழுந்தாரே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீ போனை வைத்து இன்றைக்குப் பதினெட்டு நாள். நான் கணக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, அம்மா சொன்னாள்.

அன்றைக்கு ராத்திரி உங்கள் சேனலை அரை மணி நேரம் விடாமல் பார்த்தேன். 41 தடவை விழுந்தார். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை, உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் ஏழு வினாடி. வலது கால் இடறுகிறது, இரண்டு கையும் எதையோ பிடிக்கப் போய்க் காற்றைப் பிடிக்கிறது, உடம்பு பக்கவாட்டில் சாய்கிறது, கண்ணாடி கழன்று ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில் போகிறது. முதலில் சும்மா ஓடியது. அப்புறம் ஸ்லோ மோஷன். அப்புறம் காலைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், ஒரு அம்புக்குறி, வேறு எதையாவது பார்த்துவிடப் போகிறார்கள் என்கிற மாதிரி. மறுநாள் யாரோ சறுக்குகிற சத்தம் ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள். மூன்றாம் நாள் நாலு பேர் உட்கார்ந்து அவர் முழங்கால் பற்றி விவாதம் செய்தார்கள், அதில் ஒருவர்கூட மருத்துவர் இல்லை.

அந்தக் கிளிப்பை எடிட் செய்தது உன் கைதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, நீ சொல்வதற்கு முன்பே. வெட்டு விழுகிற இடத்தைப் பார்த்தால் தெரியாதா? சின்ன வயதில் பேப்பரில் படம் வெட்டும்போதே உனக்கு ஓரம் பிசகாது. உன் வேகம் அந்த டெஸ்க்கில் வேறு யாருக்கும் வராது என்று உன் ப்ரொட்யூசர் சொன்னதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. சித்தப்பாவிடம் மட்டும் மூன்று தடவை.

ஆனால் கடைசி அரை வினாடியைப் பார்த்தாயா? அவர் தரையில் கையை வைத்துத் துழாவுகிறார். கண்ணாடியைத் தேடுகிறார், பாப்பா. கண்ணாடி இல்லாமல் தரை எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. அங்கே வெட்டு, மறுபடி முதலிலிருந்து. அவர் எழுந்ததை ஒரு தடவைகூட நீங்கள் காட்டவில்லை. எழுந்தார், முழுப் பேச்சையும் பேசி முடித்தார், என்ன பேசினார் என்று மறுநாள் பேப்பரில் நாலு வரி தேடிப் படித்தேன்.

இதைத்தான் போனில் சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்ததும் "இதுக்குத்தான் உன்னைப் படிக்க வச்சேனா" என்று வந்துவிட்டது. நீ "உங்களுக்கு டிவியைப் பத்தி என்னப்பா தெரியும்" என்றாய். சரி, தெரியாதுதான். ஓடுகிற கிளிப்பை நிறுத்தினால் பார்க்கிறவன் அடுத்த சேனலுக்குப் போய்விடுவான், அவன் போனால் மறுநாள் உன்னைத்தான் கேள்வி கேட்பார்கள், அதெல்லாம் அன்றைக்கே சொன்னாய். நான்தான் காதில் வாங்கவில்லை.

டிவி வந்த பிறகு வந்த வியாதி என்றும் நான் சொல்ல மாட்டேன். 1992 ஜனவரியில் நான் பத்திரிகை டெஸ்க்கில்தான் இருந்தேன். அமெரிக்க ஜனாதிபதி புஷ், மகன் புஷ் இல்லை, அப்பா புஷ், டோக்கியோவில் ஜப்பான் பிரதமர் மியாசாவா கொடுத்த விருந்தில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே பக்கத்திலிருந்த பிரதமர் மடியில் வாந்தி எடுத்துவிட்டு மயங்கிச் சாய்ந்தார். மனுஷனுக்கு ஃப்ளூ காய்ச்சல். அன்று மத்தியானம்தான் சக்கரவர்த்தியோடு டென்னிஸ் ஆடியிருந்தார், படுத்திருக்க வேண்டிய ஆள். அந்தச் செய்தி வந்த ராத்திரி எங்கள் ஆபீஸே சிரித்தது. நானும்தான். புரூப் தாளின் ஓரத்தில் கிண்டலாக ஒரு தலைப்பு எழுதி எதிர் மேஜைக்குத் தள்ளினேன். அவர் வியாபாரப் பேச்சுக்கு ஜப்பான் போனார் என்பது இன்றைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கிறது? வாந்திதான் நிற்கிறது.

அதற்கு முன்னால் இன்னொரு அமெரிக்க ஜனாதிபதி, ஃபோர்டு. 1975 ஜூன் 1, ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க், மழை, விமானப் படியில் இறங்கும்போது வழுக்கி விழுந்தார். எகிப்து ஜனாதிபதி சதாத்தோடு பேசப் போன பயணம் அது. அதே வருஷம் செப்டம்பரில் பதினேழு நாள் இடைவெளியில் இரண்டு தடவை அவரைக் கொல்லப் பார்த்தார்கள். ஆனால் பேர் நின்றது தட்டித் தடுமாறுகிறவர் என்றுதான். கல்லூரியில் மிச்சிகன் அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடியவர், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களிலேயே நல்ல விளையாட்டு வீரர்களில் ஒருவர். ஒரு தடவை விழுந்ததைக் காட்டிவிட்டால், அப்புறம் கேமரா அவர் எப்போது விழுவார் என்று பார்த்துக்கொண்டே நிற்கும். எந்த மனுஷனும் ஒரு நாளைக்கு ஒரு தடவை எதிலாவது இடறத்தான் செய்வான்.

சரியாக 48 வருஷம் கழித்து, அதே ஜூன் 1, 2023இல் அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி பைடன் விழுந்தார். விமானப்படைக் கல்லூரி மேடையில், தொள்ளாயிரத்துச் சொச்சம் பேருக்கு நின்றபடியே கைகொடுத்துவிட்டுத் திரும்பும்போது, மேடையில் கிடந்த மணல் மூட்டை தடுக்கி. மூட்டையை நடக்கிற வழியில் யார் போட்டது என்று யாராவது கேட்டார்களா? 2019 டிசம்பரில் கான்பூர் படித்துறையில் மோடி இடறி விழுந்தாரே, அதையும் அன்றைக்குப் பூராவும் ஓட்டினார்கள். அங்கே ஒரு படி மட்டும் மற்றதோடு சேராத உயரத்தில் இருந்தது. இடித்துக் கட்டப்போகிறோம் என்று அப்புறம் அதிகாரிகள் சொன்னார்கள், அது ஓரத்தில் சின்னதாக வந்தது. அவருக்கு ஓட்டுப் போடுகிறவனா இல்லையா என்பது வேறு விஷயம். படி எல்லோருக்கும் படிதான்.

நீ உடனே கேட்பாய், எனக்குத் தெரியும், அப்போ எதையும் காட்டக்கூடாதா என்று. அப்படிச் சொல்லவில்லை. 2006 பிப்ரவரியில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி டிக் செனி டெக்சாஸில் காடை வேட்டைக்குப் போய், கூட வந்த 78 வயது வழக்கறிஞரைத் தவறுதலாகச் சுட்டுவிட்டார். முகத்திலும் மார்பிலும் சின்னச் சின்னக் குண்டுகள். சனிக்கிழமை நடந்தது ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே வந்தது, அதுவும் ஒரு உள்ளூர்ப் பத்திரிகை வழியாக. துணை ஜனாதிபதி வாய் திறந்தது புதன்கிழமை. ஏன் இத்தனை நேரம் மறைத்தீர்கள் என்று நிருபர்கள் கத்தினார்களே, அது கேட்க வேண்டிய கேள்வி, நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனால் வாரம் முழுக்க ராத்திரி நிகழ்ச்சிகளில் வேட்டை ஜோக்காக ஓடியது, அதற்குள் அந்த வழக்கறிஞருக்கு நெஞ்சுக்குள் போன குண்டால் மாரடைப்பே வந்துவிட்டது. கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவர், செனிக்கும் அவர் குடும்பத்துக்கும் ஏற்பட்ட கஷ்டத்துக்காகத் தான் வருந்துவதாகச் சொன்னார். சுடப்பட்டவர் சொன்னது இது. படிக்கும்போது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உங்கள் தலைவரிடமும் கேள்வி இருந்தால் கேளுங்கள். உடம்பு எப்படி, பதவியைப் பார்க்க முடிகிறதா, கேளுங்கள், நியாயம்தான். 41 தடவை தள்ளிவிட்டுக் கேட்க வேண்டுமா என்ன.

மறுபடியும் திட்டுகிற மாதிரி வருகிறது. திட்ட எழுதவில்லை. சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போ. படியில் பார்த்து இறங்கு.

சரி, கை. நம் வீட்டுக் கடைசிப் படி உனக்குத் தெரியும். சரி பண்ணுகிறேன், சரி பண்ணுகிறேன் என்று உன் பள்ளிக்கூட நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேனே, அதுதான். பன்னிரண்டு நாள் முன்னால் பேப்பரை எடுத்துக்கொண்டு இறங்கினேன், அது இருக்கிற இடத்தில் இல்லாத மாதிரி இருந்தது, அவ்வளவுதான். வலது மணிக்கட்டில் விரிசல், மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், இடுப்பெல்லாம் நன்றாக இருக்கிறது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன், அதனால் அவளைக் கோபிக்காதே. வலிகூடப் பெரிதில்லை பாப்பா. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "எப்படி விழுந்தீங்க" என்கிறார்கள். அம்மா சொல்ல ஆரம்பிப்பாள், பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் படியில் போய் நின்று இப்படித்தானே என்று நடித்துக் காட்டுவார், எல்லோரும் சிரிப்பார்கள், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, நானும் சேர்ந்து சிரிப்பேன். அஞ்சாவது தடவை அவர் நடித்துக் காட்டும்போது நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கட்டிலில் உட்கார்ந்தவனுக்கு, நீ மரமாக நின்றது ஞாபகம் வந்தது.

நாலாம் வகுப்பு ஆண்டு விழா. நீ மரம். ராஜா வருவதற்கு முன்னாடியே மரம் சாய்ந்துவிட்டது. இந்தக் கதையை நான் எத்தனை கல்யாணத்தில், எத்தனை வீட்டுத் திண்ணையில் சொல்லியிருப்பேன்? நூறு இருக்கும். சொல்லச் சொல்ல நன்றாக வரும் எனக்கு. மரம் சாய்ந்தது, திரையைப் பிடித்தது, திரை கிழிந்து ராஜா தலையில் விழுந்தது.

திரை கிழியவில்லை. அது நான் சேர்த்தது. முதலில் பெரியப்பா வீட்டில் சேர்த்தேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அப்படியே வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, அதை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அன்றைக்கு உனக்குக் காய்ச்சல். காலையிலேயே 102. வேண்டாம் என்று அம்மா சொன்னாள். நீயும் வரவில்லை என்றாய். நான்தான், ஆபீசில் ஒருவரிடம் கேமரா கடன் வாங்கி வைத்திருக்கிறேனே என்று, மாத்திரை கொடுத்து, அந்தப் பச்சைத் துணியைச் சுற்றி, தலையில் இலைக்கிரீடம் கட்டி அனுப்பினேன். நீ கால் தடுக்கி விழவில்லை. மயங்கி விழுந்தாய். ஜனம் சிரித்தது, நான் போட்டோ எடுத்தேன். ஓடி வந்து தூக்கியது உன் டீச்சர்.

உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் அதே கதையைச் சொன்னேன், திரை கிழிந்தது வரைக்கும். நீ தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாய். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன், அவர்களிடமும் அப்படித்தான் சொன்னேன். அந்த ஆண்டு விழாவுக்கு அப்புறம் நீ எந்த மேடையிலும் ஏறவில்லை. டிவியில் வேலை என்றதும், முகம் தெரிகிற மாதிரி வேலை கேளேன் என்று உன்னை நச்சரித்தேனே, நீ கேமராவுக்குப் பின்னாலேயே இருக்கிறேன் என்றாய். அதை உன் சுபாவம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அதனால் உன்னிடம் அந்த ஏழு வினாடியைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை. எழுதியதை அழிக்கவும் மனசு வரவில்லை, ஒற்றை விரலால் இவ்வளவு தட்டியிருக்கிறேன்.

கொத்தனார் திங்கட்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார், கடைசிப் படியை இடித்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன். கட்டு பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகும். நீ லீவ் போட்டு வர வேண்டாம், அதற்காக எழுதவில்லை. வந்தால் சந்தோஷம். அக்கா பையன் ரிசல்ட் அம்மா சொல்லுவாள், விரல் வலிக்கிறது.

அந்த போட்டோவை ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஒட்டியிருந்த பசையோடு ஒரு ஓரம் கொஞ்சம் கிழிந்துவிட்டது. ஒரு கவரில் போட்டு மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். உனக்கு அனுப்பவா, கிழித்துப் போடவா, நீயே சொல்.

அப்பா