திண்ணை இல்லாத வணிக வளாகங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையை அடுத்த ஓர் ஊரில், 1988-இல் கட்டப்பட்ட வணிக வளாகம் ஒன்றின் முதல் மாடியில் இருபத்திரண்டு ஆண்டுகள் பேன்சி கடை நடத்தியவன் நான். அந்தக் கட்டடத்தை இந்த ஆண்டு இடிக்கப் போகிறார்கள். அதை எதிர்த்து இக்கடிதத்தை எழுதவில்லை. தூண்களில் சிமென்ட் உதிர்ந்து கம்பி வெளியே தெரிகிறது, மாடிப்படியில் கால் வைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் பத்மநாபபுரம் அரண்மனையில் ஓர் உத்திரம் இற்றுப்போனால் கவலைப்படத் தெரிந்த நமக்கு, நாற்பது வயதுகூட ஆகாத இத்தகைய கட்டடங்கள் போகும்போது ஒரு படம் எடுத்து வைக்கவேனும் தோன்றுவதில்லையே என்பதுதான் என் குறை.

வளைகுடா நாடுகளில் சம்பாதித்துத் திரும்பிய மூன்று பங்காளிகள் கட்டிய வளாகம் அது. மால் என்ற சொல் அன்று எங்கள் பக்கம் புழங்கவில்லை. காம்ப்ளெக்ஸ் என்றுதான் எல்லோரும் சொன்னோம். நடுவில் எட்டு மூலை கொண்ட ஒரு முற்றமும், அதைச் சுற்றி மூன்று மாடிக்கும் கைப்பிடிச் சுவரும், உச்சியில் பச்சை ஃபைபர் தகடு வேய்ந்த கூரையும் இருந்தன. காலை பதினொரு மணிக்கு அந்தப் பச்சை வெளிச்சம் என் கடையின் வளையல் ஸ்டாண்டில் வந்து விழும். சிவப்பு வளையல் கறுப்பாகத் தெரியும். வாங்க வந்த பெண்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, படியிறங்கி வாசலுக்குப் போய், வெயிலில் நிறம் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். இத்தனை ஆண்டுகளில் அப்படி வெளியே போன வளையல் ஒன்றுகூடத் திரும்பி வராமல் இருந்ததில்லை. முற்றத்தின் நடுவே சங்கு வடிவில் ஒரு நீரூற்று இருந்தது. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் மட்டுமே அதில் தண்ணீர் வரும், மற்ற நாள்களில் அது வறண்டே கிடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதைச் சுற்றி, உட்காரத் தோதான உயரத்தில், மொசைக் பூசிய ஒரு வளைந்த திண்ணை இருந்தது. அந்தத் திண்ணைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று கடையை மூடிய பிறகு தேடிப் படித்தேன். வியன்னாவில் பிறந்து, 1938-இல் ஹிட்லரின் படை அங்கே நுழைந்தபோது அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்ற விக்டர் குரூயன் என்ற கட்டடக் கலைஞர், மின்னசோட்டா மாநிலத்தின் எடைனாவில் கட்டிய சவுத்டேல் என்ற வளாகமே, முழுக்கக் கூரை மூடிக் குளிரூட்டப்பட்ட முதல் மால் என்று சொல்கிறார்கள். அது திறக்கப்பட்டது 1956 அக்டோபர் 8. அடுத்து இருபத்து நான்கே நாள்களில், நவம்பர் 1 அன்று, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லைதான்; ஆனாலும் எங்கள் மாவட்டத்துக்கும் மாலுக்கும் ஒரே வயது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். சவுத்டேலின் நடு முற்றத்தில் மரங்களும் மீன் தொட்டியும் பெரிய பறவைக் கூண்டும் வைத்தார்கள். போட்டிக்காரர்களான இரண்டு பெரிய பல்பொருள் அங்காடிகள் ஒரே கூரையின் கீழ் எதிரெதிரே நின்றன. காரிலேயே வாழ்ந்துவிட்ட அமெரிக்கப் புறநகர் மக்களுக்கு, வியன்னா வீதிகளைப் போல நடக்கவும் சந்திக்கவும் ஓர் இடம் வேண்டும் என்பதே குரூயனின் எண்ணம். கடைகளோடு வீடுகளும் பள்ளியும் மருத்துவமனையும் சேர்ந்து வர வேண்டும் என்று அவர் திட்டமிட்டார். கடைகள் மட்டும் வந்தன. கடைசிக் காலத்தில் அவர் இந்த மால்களைத் தன் பிள்ளைகளாக ஏற்க மறுத்து, வியன்னாவுக்கே திரும்பி, 1980-இல் அங்கேயே இறந்தார்.

எங்கள் பங்காளிகள் குரூயனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை. துபாயிலோ ஷார்ஜாவிலோ பார்த்ததை அவர்கள் வரைந்து காட்ட, நாலுகட்டு வீடுகளைக் கட்டிப் பழகிய கொத்தனார் அதைத் தனக்குத் தெரிந்த நடுமுற்றமாகவும் திண்ணையாகவும் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அதனால்தானோ என்னவோ, அந்தக் கட்டடம் எங்களுக்கு முதல் நாளே அந்நியமாகப் படவில்லை. பெயர்ப் பலகைகள் தமிழிலும் மலையாளத்திலும் இருந்தன. பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் வருபவர்களிடம் விலையை மலையாளத்தில் சொல்லி, பேரத்தைத் தமிழில் முடிப்போம். கீழே கூல்பார், அதையொட்டி எஸ்.டி.டி. பூத், எதிரே கேசட் கடை. வளைகுடாவிலிருந்து வரும் அழைப்புக்காகப் பூத்தின் வாசலில் காத்திருக்கும் மனைவிமார், ஒன்றும் வாங்காமல் அந்தத் திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் அவர்களை ஏன் என்று கேட்டதில்லை. கூல்பார்க்காரர் மட்டும் குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுப்பார்.

பாரிமுனையில் சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் ஸ்பென்சர் பிளாசாவுக்கும் போய்விட்டு வருவேன். 1983-இல் தீக்கிரையான பழைய ஸ்பென்சர் கட்டடம் இருந்த இடத்தில், 1990-களின் தொடக்கத்தில் எழுந்தது அது. முதன்முறை அங்கே நகரும் படியில் ஏறத் தயங்கி நின்ற என்னை, பின்னால் வந்த ஒரு பாட்டியம்மாள் புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு முந்திச் சென்றார். காஷ்மீர் சால்வைக் கடையும் கைக்கடிகாரக் கடையும் பழைய அஞ்சல்தலை விற்பவரும் அடுத்தடுத்து இருக்கும் அந்தக் கலவை, இன்றைய மால்களில் கிடைக்காது. காரணம் எளியது. அன்று கட்டியவர்கள் கடைகளை ஒவ்வொன்றாக விற்றுப் பணத்தைத் திருப்பினார்கள். கடை வாங்கியவன் தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தான். இன்று முழுக் கட்டடமும் ஒரே கையில் இருக்கிறது. யாருக்கு எந்தத் தளம், எந்தப் பிராண்டுக்கு அடுத்து எது என்பதை அவர்களே முடிவு செய்து வாடகைக்கு விடுகிறார்கள். திருவனந்தபுரத்தில் பார்த்த அதே வரிசை கோயம்புத்தூரிலும் இருக்கிறது.

ஆனால் பழைய முறையின் கெடுதலையும் மறைக்கக் கூடாது. கடைகளுக்கு நூறு உரிமையாளர்கள் இருந்தால் முற்றத்துக்கு ஓர் உரிமையாளரும் இல்லை. நீரூற்றின் மோட்டார் எரிந்தபோது ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய் போட நாங்கள் ஏழு மாதம் கூட்டம் போட்டுப் பேசினோம், கடைசிவரை போடவில்லை. அந்தப் பேச்சில் நானும்தான் இருந்தேன். பிறகு செல்பேசி வந்து பூத்தும் கேசட் கடையும் போயின. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் ஜெனரேட்டர் டீசலுக்கே பாதி வியாபாரம் சரியானது. ஸ்கூட்டருக்கு இடம் விட்டுக் கட்டிய வாசலில் கார்களை எங்கே நிறுத்துவது? எல்லைக்கு இருபுறமும் வரி வேறாக இருந்ததால் கிடைத்த வியாபாரமும் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு முடிந்தது.

இன்று எங்கள் பிள்ளைகள் கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலையில் காரை விட்டால், சீக்கிரமே திருவனந்தபுரத்தின் பெரிய மால்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். நானும் போகிறேன், குளிர்ச்சியும் சுத்தமும் கழிப்பறையும் எங்கள் காலத்தில் கனவிலும் இல்லாதவை, அதைக் குறை சொன்னால் நன்றி கெட்டவன் ஆவேன். முற்றமும் இருக்கிறது, எங்களுடையதைவிடப் பத்து மடங்கு பெரிதாக. திண்ணைதான் இல்லை. சென்ற மாதம் புதிய வளாகம் ஒன்றில், முட்டுவலிக்காரியான என் மனைவி ஒரு பூந்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தபோது, காவலர் மரியாதையாகத்தான் வந்து, உணவுக்கூடம் நான்காம் மாடியில் இருக்கிறது, அங்கே உட்காரலாம் என்றார். அங்கே உட்கார்ந்தால் ஒரு காப்பியாவது வாங்காமல் எழ முடியாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அமெரிக்காவிலும் இதே கதைதான் என்று படித்தேன்: 1970-களில் பள்ளமாக்கிப் படிப்படியாக இருக்கை அமைத்த கூடங்களையும், மக்கள் காசு போட்ட நீரூற்றுகளையும் பின்னாளில் மூடி, அந்த இடத்தில் சிறு விற்பனை மேடைகளை வைத்தார்களாம்.

ஆகவே தங்கள் வாயிலாக இரண்டு கோரிக்கைகள். குமரி மாவட்டத்திலும் எல்லைக்கு அப்பாலும் நகராட்சிகள் பேருந்து நிலையங்களோடு சேர்த்துப் புதிய வணிக வளாகங்கள் கட்டும்போது, வாடகைக்கு விடாத, யாரும் எழுப்பிவிட முடியாத இருக்கைகளை வரைபடத்திலேயே காட்ட வேண்டும். இரண்டாவதாக, 1980-களிலும் 1990-களிலும் கட்டிய காம்ப்ளெக்ஸ்களின் படங்களை வாசகர்களிடம் கேட்டு வாங்கித் தாங்கள் வெளியிட வேண்டும். பெரும்பாலும் அவை திருமணத்துக்கு ஜவுளி எடுக்க வந்த குடும்பங்களின் படங்களில் பின்னணியாகத்தான் இருக்கும், அது போதும். என்னிடம் ஒன்று இருக்கிறது. 1993 ஓணத்தின்போது எடுத்தது. நீரூற்றில் தண்ணீர் வருகிறது, திண்ணையில் இடமில்லாமல் இரண்டு பேர் நிற்கிறார்கள். தாங்கள் விரும்பினால் அனுப்பி வைக்கிறேன். திருப்பித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
களியக்காவிளை