நூக்கலும் போர்ஷனும்: பாடநூல் குழுவினருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய என்.சி.இ.ஆர்.டி. பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். மத்திய பாடத்திட்டத்துக்கு நீங்கள் போடும் புத்தகத்தை வைத்துப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். "மரபுவழியும் பரிணாமமும்" என்றிருந்த பாடத்தில் பரிணாமத்தை நீங்கள் நீக்கிவிட, அது வெறும் "மரபுவழி" ஆன கதை உங்களுக்கே தெரியும். கொரோனா காலத்துச் சுமைக் குறைப்பு என்றீர்கள். கொரோனா போய்விட்டது, பாடம்தான் இன்னும் வரவில்லை.

போன மாதம் காய்க்கடையில் முட்டைகோஸ், காலிஃபிளவர், நூக்கல் மூன்றும் வாங்கிப்போய் வகுப்பு மேசையில் வைத்தேன். உங்கள் பழைய புத்தகத்து உதாரணம்தான். மூன்றும் ஒரே காட்டுச் செடியின் வாரிசுகள். மனிதர்கள் பொறுக்கிப் பொறுக்கி விதைத்ததில் ஒன்றுக்கு இலை மூடிக்கொண்டது, ஒன்றுக்குப் பூ கட்டியாகத் திரண்டது, ஒன்றுக்குத் தண்டு பருத்தது. முன் பெஞ்சுப் பெண் நூக்கலை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மனுசங்களே இல்லாத காட்டுல யார் மிஸ் பொறுக்குவாங்க?"

டார்வின் கேட்ட கேள்வி! நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "மிஸ், இது போர்ஷன்ல இருக்கா?" இல்லை என்றேன். நோட்டுகள் மூடின.

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்பீர்கள். அந்தப் பெண் அடுத்த வருடம் காமர்ஸ் எடுக்கப் போகிறாள். பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலேயே இதைப் படிக்கிறார்கள். இவள் மட்டும் என்ன பாவம் செய்தாள்?

பக்தி குறைந்தவள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். கிருத்திகைக்கு விரதம் இருக்கிறேன், திருநீறு பூசிக்கொண்டுதான் பரிணாமம் நடத்தினேன். முருகன் இதுவரை ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபமெல்லாம் மேடைகளில்தான். 2018இல் மத்திய இணையமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது தவறு என்றார். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து மறுத்தன. அடுத்த வருடமே ஜலந்தர் அறிவியல் மாநாட்டில் ஒரு துணைவேந்தர், தசாவதாரம் டார்வினையே மிஞ்சிய கொள்கை என்றார். சரி, டார்வின் தவறா, இல்லை நமக்குப் பிந்தியவரா? முதலில் அதை உங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டால், அப்புறம் எங்களுக்கும் சொல்லி அனுப்பலாம்.

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது அரசமைப்பின் 51அ(எச்) பிரிவு. 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் 2023இலேயே கையெழுத்துப் போட்டுக் கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன்: பத்தாம் வகுப்புக்குப் பரிணாமத்தைத் திருப்பிக் கொடுங்கள். முழுப் பாடமும் முடியாதென்றால், தயவுசெய்து அந்த நூக்கலையாவது.

முன் பெஞ்சுப் பெண்ணுக்கு பிப்ரவரியில் பொதுத்தேர்வு. அவளுக்கான பதிலை ஒரு மதிய இடைவேளையில் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை