பனங்குடி பற்றி நீ கேட்டது

அன்புள்ள குமார்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம், தங்கச்சியிடம் மறக்காமல் சொல். எனக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறை இல்லை.

சரி, நாகப்பட்டினம் பக்கத்துப் பனங்குடி விஷயத்துக்கு வருகிறேன். புது ரிஃபைனரியை, அதாவது கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை, நம்ம ஊர் தாங்குமா என்று கேட்டிருந்தாய். 1993-இல் வந்த பழைய ஆலை வருஷத்துக்கு 5 லட்சம் டன்னில் ஆரம்பித்து அப்புறம் 10 லட்சம் ஆனது. 2021-இல் அடிக்கல் நாட்டிய புதியது 90 லட்சம் டன், ஏறக்குறைய சென்னை மணலி ரிஃபைனரி அளவு. மணலியோ 1969-இல் ஈரான் கச்சா எண்ணெயை நம்பி 25 லட்சம் டன்னில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து இன்றைக்கு 105 லட்சத்தில் நிற்கிறது. அங்கே படிப்படியாக வந்த சுமை உங்களுக்கு ஒரேயடியாக வரும்.

எல்லோரும் கச்சா எண்ணெய் எங்கிருந்து வரும், எத்தனை பேருக்கு வேலை என்றுதான் கேட்கிறார்கள். எண்ணெய் கப்பலில் வந்துவிடும் குமார், தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேள். ஆலைக்குத் தண்ணீர், நீராவி, மின்சாரம் கொடுக்கும் யூடிலிட்டி பிரிவில் இருந்தவன் சொல்கிறேன், ரிஃபைனரி ஓடுவதே தண்ணீரில்தான். கச்சா எண்ணெய் உள்ளே வந்ததும் முதல் வேலை அதைக் கழுவுவது. சூடாக்கி, நூற்றுக்கு ஐந்து பங்கு போலத் தண்ணீர் கலந்து, டீசால்டர் என்கிற உப்பு நீக்கும் கலத்தில் மின்சாரம் கொடுத்து உப்பைப் பிரிப்பார்கள். அடியில் சாம்பிள் பிடித்தால் தண்ணீர் தெளிவாக வர வேண்டும், காப்பித் தூள் கரைத்த மாதிரி வந்தால் எண்ணெய் இறங்குகிறது என்று உடனே ஓட வேண்டும். உப்பு மிச்சம் நின்றால் மேலே போய் எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் கோபுரத்தின் உச்சியையே அரித்துவிடும். அப்புறம் பாய்லர், அப்புறம் கூலிங் டவர், அங்கே ஆவியாகப் போவதுதான் பெரும் செலவு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்கிற வாகனப் புகை விதி வந்து பெட்ரோல், டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10-க்கு இறங்கியது நல்லதுதான், ஆனால் கந்தகத்தை எடுக்க ஹைட்ரஜன் வேண்டும், ஹைட்ரஜன் செய்ய நீராவி வேண்டும். ஆக, சுத்தமான டீசலுக்கும் தண்ணீர்தான்.

சென்னையில் குடிக்கவே தண்ணீர் இல்லாத வருஷங்களை நீயும் பார்த்திருக்கிறாய். அதனால்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே மணலி ஆலை சென்னை நகரத்தின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்த ஆரம்பித்தது. பிறகு காட்டுப்பள்ளியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை, 2019-இல் கொடுங்கையூரில் மணலித் தொழிற்சாலைகளுக்கென்றே நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கொடுக்கும் குடிநீர் வாரியத்தின் ஆலை. இந்த ஏற்பாடுகளை நான் பெருமையாகவே சொல்வேன், ஊரின் குடத்தில் கை வைக்காமல் ஆலை ஓட்ட முடியும் என்பதற்கு இதுதான் சாட்சி.

உள்ளே வரும் தண்ணீருக்கு ஒரு கேள்வி என்றால் வெளியே போகும் தண்ணீருக்கு இரண்டு கேள்வி கேட்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. மீனவர்கள் படகில் நின்று கையால் வழித்து டிரம்மில் ஊற்றினார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆலை சுத்தமாக ஓடும் நாளில் ஒன்றும் தெரியாதுடா, பெருமழையில்தான் அதன் மழைநீர்க் கால்வாயும் எண்ணெய் பிடிக்கும் தொட்டியும் எவ்வளவு தாங்கும் என்று தெரியும். நாகப்பட்டினமோ புயல் வரும் கரை, தாழ்ந்த நிலம், எல்லா வடிகாலும் கடைசியில் வயலையோ கடலையோதான் தொடும்.

அதனால் கூட்டம் கூட்டினால் போய் உட்கார். நன்னீரா கடல்நீரா, உப்பு நீக்கியபின் மிஞ்சும் கரிப்புநீரைக் கடலில் எங்கே விடுவார்கள், எத்தனை சென்டிமீட்டர் மழைக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், இதையெல்லாம் எழுதிக் கேள், பதிலையும் எழுத்திலேயே வாங்கு. சுற்றுச்சூழல் அறிக்கை கைக்குக் கிடைத்தால் தண்ணீர்ப் பகுதியை மட்டும் எனக்கு அனுப்பு, படித்து எழுதுகிறேன். பொங்கல் கழித்து நாகூர் வரும் யோசனை இருக்கிறது, டிக்கெட் எடுத்ததும் போன் செய்கிறேன்.

அன்புடன்,
ராஜு