இரவு மன்றாட்டிலிருந்து தொடங்கு

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மடத்தில் சேர்ந்து இவ்வளவு நாளாகியும் விவிலியத்தின் திருப்பாடல்கள் இலத்தீனில் வாயில் படியவில்லை, பொருள் பிடிபடுவதற்குள் அடுத்த வரி ஓடிவிடுகிறது, தமிழில் ஓர் அருள்நிறை மரியே சொன்னால்தான் செபித்தது போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கவலையாக இல்லை. மனதாரச் செபிக்க நினைப்பவனுக்குத்தான் இந்தச் சங்கடம் வரும்.

1963இல் உலகத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் கொடுத்தது நமக்குக் கிடைத்த வரம். ஊர்க் கோயிலில் தமிழில் பாடி வளர்ந்த நான் அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதே சங்கம் திருச்சபையின் பழைய இலத்தீன் பாடல்முறையான கிரகோரியன் இசைக்கும் முதன்மை கொடுத்தது. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல், மடங்களின் பொதுச் செபத்தில் இலத்தீனைக் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்த மெட்டுகள் இலத்தீன் சொற்களின் ஏற்ற இறக்கத்திலேயே பிறந்தவை. வேறு மொழியைப் பொருத்தினால் சொல் நிற்கும் இடத்தில் மெட்டு ஓடும்.

உன்னைப் பார்க்க வந்தபோது, மாலைச் செபமான மாலைப்புகழில் விருந்தினர் இருக்கையிலிருந்து கவனித்தேன். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாடுகிறீர்கள். வசனத்தின் நடுவில் நட்சத்திரக் குறி வரும் இடத்தில் எல்லோரும் ஒன்றாக நின்று மூச்சு வாங்குகிறீர்கள். அந்த இடைவெளியில் ஓர் இளங்குரல் மட்டும் முந்திக்கொண்டு விழுந்தது. அது உன் குரல் என்று உன் அம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. நல்ல குரல் உள்ளவனுக்குத்தான் அங்கே பாடு அதிகம். கிறிஸ்துமஸ் இரவில் தனியாகப் பாடிப் பெயர் வாங்கியவன் நீ. அங்கே உன் குரல் தனியாகக் கேட்டாலே பிசகு. சுருதியைப் பிடித்து வைக்கத் தம்புரா மாதிரி ஒன்றும் இல்லை. நான்கு பேர் களைத்தால் பாட்டு முழுவதும் மெல்ல இறங்கிவிடுகிறது. பக்கத்தில் நிற்பவரின் மூச்சைக் கேட்டுப் பாடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவிகளுக்காக எழுதிய ஒழுங்குநூலின் 19ஆம் அதிகாரத்தில், நம் மனம் நம் குரலோடு இசைந்திருக்கட்டும் என்கிறார். குரலை முன்னே விட்டு, மனத்தைப் பின்னால் வரச் சொல்கிறார். ஆகவே எல்லாம் புரிந்த பிறகு பாடலாம் என்று காத்திருக்காதே. வாரத்துக்கு 150 திருப்பாடல்கள் என்பது எவனையும் மிரட்டும் கணக்கு. ஆனால் படுக்கப் போகுமுன் சொல்லும் இரவு மன்றாட்டுக்கு மட்டும் அவர் நாள்தோறும் அதே மூன்றைத்தான் வைத்தார். நம் விவிலியத்தில் அவை 4, 91, 134. இலத்தீன் நூலில் 4, 90, 133 என்று இருக்கும், குழம்பாதே. முதலில் மூன்றையும் தமிழில் மனப்பாடம் செய். பிறகு இலத்தீன் வரியைப் பாடும்போது பொருள் தேடி ஓட வேண்டியிருக்காது.

நான்கு கோட்டில் எழுதிய அந்தச் சதுரச் சுரங்களில் 'தோ' என்ற சுரத்தின் இடத்தைக் காட்டும் குறி பாட்டுக்குப் பாட்டு மேலும் கீழும் நகரும். அதைப் பார்த்து மலைக்காமல், பாட்டு ஆசிரியரிடம் தினமும் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிக்கொள்.

பெரிய எழுத்துத் தமிழ் விவிலியம் ஒன்றை இந்த வாரம் தபாலில் அனுப்புகிறேன். குளிர் தொடங்கிவிட்டது, தொண்டையைப் பார்த்துக்கொள். அம்மா தனியே எழுதுவாள்.

அன்புடன்,
அப்பா